நாரும் முடிச்சும் பூவும்: தாவர செல்லின் மேற்பரப்பில் உள்ள கிளைக்கோபுரதங்கள்

"விலங்கு செல்லுக்குச் சுவர் கிடையாது, தாவர செல்லுக்கு உண்டு, அந்தச் சுவர் செல்லுலோஸால் ஆனது." பள்ளியில் எல்லோரும் எழுதிய வரி. அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் தாவர செல்லின் மேற்பரப்பைப் பற்றி நம்மில் பெரும்பாலோருக்குத் தெரிந்தது அந்த ஒரு வரியோடு நின்றுபோகிறது. அதனால் செல் சுவர் என்றாலே உயிரில்லாத வெற்று உறை என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது.

கிளைக்கோபுரதம் என்ற சொல்லுக்கும் இதே கதிதான். கொரோனா வைரஸின் ஸ்பைக் புரதம் ஒரு கிளைக்கோபுரதம் என்று செய்திகளில் படித்திருப்பீர்கள். அதனால் இது கிருமிக்கும் மனித உடலுக்கும் உரிய சங்கதி, செடிகொடிக்கு இதில் பங்கில்லை என்று பலர் நினைக்கிறார்கள். வேறு சிலர் "புரதமும் சர்க்கரையும் கலந்த சத்து" என்று விளக்கிவிடுகிறார்கள். இரண்டுமே தவறு. செடியின் ஒவ்வொரு செல்லும் கிளைக்கோபுரதங்களை உடுத்திக்கொண்டுதான் இருக்கிறது. அவை சுவரை இறுக்குகின்றன, மகரந்தக் குழாய் சூலைத் தேடிப் போக உதவுகின்றன, உப்புநிலத்தில் வேர் நிலைகுலையாமல் காக்கின்றன. அவற்றுக்கு நீண்ட பரிணாம வரலாறும் உண்டு. தாவரவியலில் எனக்கு மிகவும் பிடித்த வரலாறுகளில் அது ஒன்று.

## கிளைக்கோபுரதம் என்றால் என்ன?

பூச்சரம் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நார் ஒன்று நீளமாக ஓடுகிறது. அதில் ஆங்காங்கே முடிச்சு. முடிச்சு ஒவ்வொன்றிலும் பூ.

புரதம்தான் நார். அது அமினோ அமிலங்கள் எனப்படும் சிறு மூலக்கூறுகள் வரிசையாகக் கோத்துக்கொண்டு உண்டாகும் சங்கிலி. எந்த அமினோ அமிலத்துக்குப் பிறகு எது என்பதை மரபணு சொல்கிறது. அந்தச் சங்கிலியின் குறிப்பிட்ட இடங்களில் சர்க்கரை மூலக்கூறுகள் வேதிப்பிணைப்பால் உறுதியாகக் கட்டப்பட்டிருந்தால், அந்தப் புரதத்துக்குக் கிளைக்கோபுரதம் என்று பெயர். இங்கே சர்க்கரை என்பது நாம் காப்பியில் போடுவது அல்ல. அரபினோஸ், கேலக்டோஸ், குளுக்குரோனிக் அமிலம் போன்ற சர்க்கரை வகைகள். தனித்தனியாகவும், சிறு சங்கிலியாகவும், கிளைவிட்ட பெரிய கொத்தாகவும் அவை நாரில் தொங்கும்.

சரத்தில் நம் கண்ணுக்குத் தெரிவது பூதான், நார் தெரிவதில்லை. இங்கும் அப்படித்தான். தாவரக் கிளைக்கோபுரதங்களில் ஒரு வகையின் எடையில் 90 சதவீதத்துக்கும் மேல் சர்க்கரைதான். செல்லைத் தொட வரும் எதுவும் முதலில் சந்திப்பது பூவைத்தான்.

இந்தச் சரங்கள் செல்லில் எங்கே இருக்கின்றன? தாவர செல்லை முதலில் மெல்லிய கொழுப்புப் படலமான பிளாஸ்மா சவ்வு சூழ்ந்திருக்கிறது. அதற்கு வெளியே செல் சுவர். சில சரங்கள் சவ்வின் வெளிப்புறத்தில் ஒரு கொழுப்பு மூலக்கூறால் ஊன்றப்பட்டிருக்கும். இந்தப் பிடிமானத்துக்கு ஜிபிஐ நங்கூரம் என்று பெயர். மற்றவை சுவருக்குள்ளேயே செல்லுலோஸ் இழைகளுக்கும் பெக்டின் என்ற கூழ்போன்ற சர்க்கரைப் பொருளுக்கும் நடுவே நெய்யப்பட்டிருக்கும்.

## முடிச்சு எப்படி விழுகிறது?

20 அமினோ அமிலங்களில் புரோலின் என்று ஒன்று உண்டு. புரதச் சங்கிலி செல்லுக்குள் உருவாகிச் சுரப்புப் பாதையில் நகரும்போது, ஒரு நொதி வந்து சில புரோலின்களில் ஓர் ஆக்சிஜன் அணுவைச் சேர்த்துவிடுகிறது. புரோலின் இப்போது ஹைட்ராக்சிபுரோலின் ஆகிறது. நம் சரத்தில் முடிச்சு இதுதான். இதற்குப் பிறகு அந்தப் பாதையில் உள்ள கோல்கை உறுப்பின் வேறு நொதிகள் அந்த முடிச்சில் ஒவ்வொன்றாகச் சர்க்கரையைக் கட்டுகின்றன.

முடிச்சு போடும் இந்த நொதியின் உறவு நம் உடலிலும் இருக்கிறது. நம் தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றில் உள்ள கொலாஜன் என்ற புரதத்திலும் ஹைட்ராக்சிபுரோலின் உண்டு. வைட்டமின் சி இல்லாவிட்டால் அந்த நொதி சரியாக வேலை செய்யாது. கொலாஜன் பலமிழந்து ஈறில் ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் வருகிறது. ஒரு வேறுபாடு மட்டும் முக்கியம்: கொலாஜனில் ஹைட்ராக்சிபுரோலின்மேல் சர்க்கரை ஏறுவதில்லை. முடிச்சு இருக்கும், பூ இருக்காது. அங்கே அதன் வேலை கொலாஜனின் முறுக்கு பிரியாமல் காப்பது. அதே முடிச்சைச் சர்க்கரை கட்டும் இடமாகப் பயன்படுத்தியது பச்சைத் தாவரங்களின் வழி.

1960 வரை ஹைட்ராக்சிபுரோலின் என்றால் விலங்குகளின் கொலாஜன் என்றே உயிர்வேதியியலாளர்கள் நினைத்தார்கள். அந்த ஆண்டு டெரெக் லாம்போர்ட்டும் டொனால்ட் நார்த்கோட்டும் தாவர செல் சுவரில் அது இருப்பதை வெளியிட்டார்கள். சுவரில் புரதம் இருப்பதே அப்போது சந்தேகத்துக்கு உரியதாக இருந்தது. செல்லின் உட்பொருள் ஒட்டிக்கொண்ட அழுக்காக இருக்கலாம் என்ற எண்ணம் பரவலாக இருந்தது. செல் சுவரை உயிர்ப்புள்ள உறுப்பாகப் பார்க்கும் பார்வை வலுப்பெற்றதில் இந்தக் கண்டுபிடிப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

## எந்த முடிச்சில் எந்தப் பூ?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு செய்தியைத்தான் மனத்தில் இருத்திக்கொள்ள முடியும் என்றால், இந்தப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த முடிச்சில் என்ன பூ வரும் என்று மரபணு நேரடியாக எழுதி வைப்பதில்லை. மரபணு எழுதுவது நாரை மட்டுமே. ஆனால் நாரில் முடிச்சுகள் நெருங்கியிருக்கின்றனவா, இடைவிட்டிருக்கின்றனவா என்பதைப் பார்த்து நொதிகள் பூவைத் தேர்ந்தெடுக்கின்றன. மார்சியா கீலிஷெவ்ஸ்கியும் லாம்போர்ட்டும் 1994இல் இந்தக் கருத்தை முன்வைத்தார்கள். விதி எளிமையானது:

ஹைட்ராக்சிபுரோலின்கள் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக நின்றால், ஒவ்வொன்றிலும் அரபினோஸ் சர்க்கரையின் குட்டைச் சங்கிலி ஏறும். சிறு பூ, நெருக்கமான கட்டு.

ஹைட்ராக்சிபுரோலினுக்கு நடுவில் அலனின், செரின் போன்ற வேறொரு அமினோ அமிலம் மாறிமாறி வந்தால், கேலக்டோஸை முதுகெலும்பாகக் கொண்டு அரபினோஸ் கிளைகள் விரிந்த பெரிய கொத்து ஏறும்.

இதைச் சோதிக்க கீலிஷெவ்ஸ்கியின் குழு இயற்கையில் இல்லாத மரபணுக்களைத் தாங்களே வடிவமைத்துப் புகையிலை செல்களில் செலுத்தியது. செரினும் ஹைட்ராக்சிபுரோலினும் மாறிமாறி வரும்படி நாரை எழுதியபோது பெரிய கொத்துகள்தான் ஏறின. ஒட்டிநிற்கும் ஹைட்ராக்சிபுரோலின்களைச் சேர்த்து எழுதியபோது அரபினோஸ் குட்டைச் சங்கிலிகளும் வந்தன. 1999இல் வெளியான முடிவு இது. நாரின் தாளம் பூவைத் தீர்மானிக்கிறது என்பது அதில் உறுதிப்பட்டது.

இதுவரை பார்த்தது: புரதம் நார், ஹைட்ராக்சிபுரோலின் முடிச்சு, சர்க்கரை பூ. முடிச்சுகளின் இடைவெளி மாறினால் பூ மாறும். பூ மாறினால் செல்லின் மேற்பரப்பே மாறும். இப்படிப்பட்ட புரதங்களின் குழு முழுவதற்கும் ஹைட்ராக்சிபுரோலின் மிகுந்த கிளைக்கோபுரதங்கள் என்று பெயர்.

## எக்ஸ்டென்சின்: இறுக்கும் சரம்

ஒரு செரின், அதை அடுத்து நாலைந்து புரோலின். இதே சொற்றொடர் திரும்பத் திரும்ப வரும் நார்தான் எக்ஸ்டென்சின். புரோலின்கள் ஒட்டி நிற்பதால் சிறு பூக்கள் நெருக்கமாக ஏறி, சரம் வளையாமல் கம்பிபோல் நீண்டு நிற்கிறது. செல் நீள்வதை இது கட்டுப்படுத்தும் என்று கருதி லாம்போர்ட் 1963இல் அதற்கு அந்தப் பெயரை வைத்தார். பின்னால் வந்த ஆய்வுகளில் தெரிந்ததோ சுவரை இறுக்கிப் பலப்படுத்துவதில் அதற்குள்ள பங்கு.

இறுகுவது எப்படி? நாரில் இடையிடையே டைரோசின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. சுவரில் உள்ள பெராக்சிடேஸ் நொதி, ஹைட்ரஜன் பெராக்சைடைப் பயன்படுத்தி ஒரு சரத்தின் டைரோசினை இன்னொரு சரத்தின் டைரோசினோடு இணைத்துவிடும். ஒருமுறை இணைந்தால் பிரித்தெடுப்பது மிகக் கடினம். செடியைப் பூச்சி கடித்தாலோ பூஞ்சை தாக்கினாலோ அந்த இடத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு சுரந்து, ஏற்கெனவே சுவரில் இருக்கும் புரதங்கள் சில நிமிடங்களுக்குள் பிணைந்து கெட்டியாகின்றன. 1992இல் இதைச் சோயா செல்களில் விரிவாகக் காட்டினார்கள். புதிய மரபணுக்களைத் தட்டி எழுப்பிப் புதுப் புரதம் செய்ய ஆகும் நேரத்துக்கு முன்பே முதல் தற்காப்பு முடிந்துவிடுகிறது. சுவர் உயிரற்ற உறை என்று சொல்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த நிகழ்வைத்தான்.

இன்னொரு சான்றும் இருக்கிறது. அரபிடாப்சிஸ் என்பது கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு செடி. தாவர ஆய்வகங்களில் அதிகம் வளர்க்கப்படுவது. அதில் எக்ஸ்டென்சின் 3 என்ற ஒரே ஒரு மரபணு பழுதானபோது, பிரியும் செல்களுக்கு நடுவே புதுச் சுவர் தவறான இடங்களில் விழுந்தது. கருவின் வேர், தண்டு எல்லாம் உருக்குலைந்தன. 2002இல் வெளியான முடிவு. அந்தப் புரதம் தானாகவே ஒன்றோடொன்று ஒட்டி வலைப்பின்னலாகிறது என்பது 2008இல் தெரிந்தது. புதுச் சுவருக்கு முதல் சாரம் கட்டுவது அதுதான் என்பது இந்த ஆய்வாளர்களின் விளக்கம்.

## அரபினோகேலக்டன் புரதம்: பேசும் சரம்

முடிச்சுகள் இடைவிட்டு, பெரிய கொத்துகள் தொங்கும் வகை இது. பெயர் நீளமாக இருப்பதால் ஏஜிபி என்று சுருக்கிச் சொல்வார்கள். பலவற்றுக்கு ஜிபிஐ நங்கூரம் உண்டு. செல்லின் மேற்பரப்பில் நின்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

இதைத் தொட்டுப் பார்த்திருக்கும் வாய்ப்பு உங்களுக்கு நிறையவே இருக்கிறது. ஆப்பிரிக்காவில் சூடானிலும் சகாராவுக்குத் தெற்கே உள்ள சாகேல் பகுதியிலும் வளரும் செனிகாலியா செனிகல் மரம் நம் ஊர்க் கருவேலத்துக்கு உறவு. அதன் பட்டையைக் கீறினால் வழியும் பிசின்தான் அரபிப் பசை. குளிர்பானங்களில் வாசனை எண்ணெய் தனியே பிரிந்து மேலே மிதக்காமல் இருக்க அதைச் சேர்க்கிறார்கள். பிசினில் பெரும்பங்கு வெறும் சர்க்கரைச் சங்கிலி. ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் ஏஜிபி. ஆனால் வேலையைச் செய்வது அந்தப் பங்கு. அதன் புரத நார் எண்ணெய்த் துளியில் ஒட்டிக்கொள்ள, சர்க்கரைக் கொத்துகள் தண்ணீர்ப் பக்கம் விரிந்து, துளிகள் ஒன்றுசேராமல் தடுக்கின்றன.

செடிக்குள் இதன் வேலை வேறு. கொத்தின் நுனிகளில் உள்ள குளுக்குரோனிக் அமிலத்துக்கு எதிர்மின்னூட்டம் இருப்பதால் அது கால்சியத்தைப் பிடித்துவைக்கும். கால்சியம் செல்லுக்குள் செய்தி கடத்தும் அயனி. அமிலத்தன்மை கூடும்போது ஏஜிபி அந்தக் கால்சியத்தை விட்டுவிடுகிறது என்றும், செல்லின் வளர்ச்சிக்கு இது ஒரு சேமிப்பு என்றும் 2013இல் லாம்போர்ட்டும் வார்னையும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள்.

சர்க்கரையே செய்தியாக இருக்க முடியும் என்பதற்கு மிக அழகான சான்று ஜப்பானிலிருந்து வந்தது. டொரீனியா பூவில் மகரந்தக் குழாய் சூலகத்தண்டு வழியே வளர்ந்து வந்தாலும், சூல் அழைக்கும் வேதி அழைப்புக்கு உடனே திரும்பும் தகுதி அதற்கு வந்துவிடுவதில்லை. சூலிலிருந்து வரும் ஒரு பொருள் அந்தத் தகுதியைத் தருகிறது. நகோயா பல்கலைக்கழகத்தில் ஹிகாஷியாமாவின் குழு அதைத் தேடிப்போய், ஏஜிபி கொத்துகளின் நுனியில் இருக்கும் இரண்டே சர்க்கரை கொண்ட துண்டைக் கண்டது: ஒரு மெத்தில் குளுக்குரோனிக் அமிலமும் ஒரு கேலக்டோஸும். நாரும் இல்லாமல், முடிச்சும் இல்லாமல், அந்த இரட்டைச் சர்க்கரையை மட்டும் ஆய்வகத்தில் செயற்கையாகச் செய்து கொடுத்தார்கள். மகரந்தக் குழாய் தகுதி பெற்றது. ஆண்டு 2016.

மூன்றாவதாகப் புரோலின் மிகுந்த புரதங்கள் என்று ஒரு குடும்பமும் உண்டு. இவற்றில் சர்க்கரை குறைவு அல்லது இல்லவே இல்லை. அவரை இனத்தின் வேர்முடிச்சுகளில் இவை நிறைய உண்டு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சுருக்கமாக: நெருங்கிய முடிச்சு கொண்ட எக்ஸ்டென்சின் சுவரை இறுக்குகிறது, இடைவிட்ட முடிச்சு கொண்ட ஏஜிபி கால்சியத்தையும் செய்தியையும் கையாள்கிறது.

## இவை எப்படித் தோன்றின?

குளத்துத் தண்ணீரில் வாழும் ஒற்றைச் செல் பச்சைப்பாசி கிளாமிடோமோனாஸ். அதன் சுவரில் செல்லுலோஸ் கிடையாது. முழுக்க ஹைட்ராக்சிபுரோலின் மிகுந்த கிளைக்கோபுரதங்களால் ஆனது. சில உப்புக் கரைசல்களில் அந்தச் சுவரைக் கரைத்துவிட்டு, உப்பை நீக்கினால் புரதங்கள் தாமாகவே மீண்டும் அடுக்கிக்கொள்ளும். இனச்சேர்க்கையின்போது இரு செல்கள் தங்கள் கசையிழைகளால் ஒன்றையொன்று அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்வதும் இதே குழுப் புரதங்களால்தான். இதன் உறவான வால்வாக்ஸில் பல செல்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கூழ்ப்பொருளிலும் இவையே முக்கியம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கிளாமிடோமோனாஸ் நிலத்தாவரங்களின் மூதாதை அல்ல. ஒரே மூதாதையிலிருந்து வேறு திசையில் பிரிந்த கிளை. இரு கிளைகளிலும் முடிச்சும் பூவும் இருப்பதால், இந்த ஏற்பாடு அவை பிரிவதற்கு முன்பே இருந்திருக்க வேண்டும் என்றுதான் நாம் சொல்லலாம்.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட பச்சைத் தாவரங்களில் எந்தெந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்று தொகுத்த பெருந்திட்டம் ஒன்று நடந்தது. அதன் தரவுகளை அலசி 2017இல் வெளியான ஆய்வு மூன்று செய்திகளைச் சொன்னது. நங்கூரமிட்ட ஏஜிபிகள் பச்சைப்பாசிகளிலேயே தோன்றிவிட்டன. நிலத்துக்கு வந்த தாவரங்களின் ஆரம்பக் கிளைகளான லிவர்வொர்ட், மாஸ் எனப்படும் பூக்காத சிறு செடிகளில் அவை மூன்று நான்கு மடங்காகப் பெருகின. டைரோசினால் ஒன்றோடொன்று பிணையும் எக்ஸ்டென்சின் முதன்முதலில் தென்படுவதும் இந்தக் கூட்டத்தில்தான். ஏற்கெனவே இருந்த செரின்–புரோலின் சொற்றொடரும் டைரோசின் கொண்ட இன்னொரு சொற்றொடரும் ஒரே நாரில் பக்கத்தில் பக்கத்தில் வந்து சேர்ந்து அது உருவானது என்பது அவர்கள் கணிப்பு. தண்ணீரில் மிதந்த செல் காற்றில் தன்னைத் தானே தாங்க வேண்டிய காலத்தோடு இது பொருந்திவருகிறது.

எனக்கு மிகுந்த வியப்பைத் தந்தது அடுத்த முடிவு. நெல், கோதுமை, கரும்பு, மூங்கில் அடங்கிய புல் குடும்பம் அந்தப் பிணையும் எக்ஸ்டென்சினை இழந்துவிட்டது. புற்களின் சுவர் மற்றப் பூக்கும் தாவரங்களின் சுவரிலிருந்து வேறுபட்டது. பெரூலிக் அமிலம் தாங்கிய அரபினோசைலன் என்ற சர்க்கரைச் சங்கிலிகள் அங்கே ஒன்றோடொன்று பிணைகின்றன. சுவரை இறுக்க வேறு வழி கையில் இருந்ததால் பழைய சரத்தை விட முடிந்திருக்கலாம். பரிணாமம் என்றால் சேர்த்துக்கொண்டே போவது என்று நினைப்பவர்கள் இந்த இழப்பைக் கவனிக்க வேண்டும்.

இவ்வளவு வகைகள் எப்படி வந்தன? திரும்பத் திரும்ப வரும் சொற்றொடரைக் கொண்ட மரபணுவை நகலெடுக்கும்போது ஒரு துண்டு கூடுவதும் குறைவதும் எளிது. இந்த நார்கள் பெரும்பாலான நொதிகளைப்போல் துல்லியமாக மடிந்து நிற்க வேண்டியவை அல்ல. ஆகவே ஒரு துண்டு கூடினாலும் புரதம் கெட்டுப்போவதில்லை. சரம் சற்று நீள்கிறது, அல்லது முடிச்சின் இடைவெளி மாறி வேறு பூ வருகிறது. வேறு புரதத்தின் துண்டு வந்து ஒட்டிக்கொள்வதும் உண்டு. பூச்சிகளின் நரம்புச் செல்களில் முதலில் அறியப்பட்ட ஃபாசிக்லின் என்ற பகுதி, தாவரங்களில் ஏஜிபி நாரோடு சேர்ந்து காணப்படுகிறது. அரபிடாப்சிஸில் அப்படிப்பட்ட ஒரு புரதம் பழுதானால், உப்பு மிகுந்த ஊடகத்தில் வேர்நுனி வீங்கி வளர்ச்சி நின்றுபோகிறது. அரபிடாப்சிஸ் ஒன்றிலேயே இந்த மொத்தக் குழுவில் 166 புரதங்கள் இருப்பதாக 2010இல் கணக்கிட்டார்கள்: 85 ஏஜிபி, 59 எக்ஸ்டென்சின், 18 புரோலின் மிகுந்த புரதம், 4 கலப்பு.

வரிசைகள் இப்படி எளிதில் மாறுவதால் இந்தக் குடும்பத்தின் வம்சாவளியை வரைவது கடினம். இரண்டு செடிகளின் நார்களை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் உறவு தெரியாமல் போகலாம். அதனால் ஆய்வாளர்கள் எழுத்து ஒற்றுமையை விட்டுவிட்டு, எந்த அமினோ அமிலம் மிகுந்திருக்கிறது, எந்தச் சொற்றொடர் எத்தனை முறை வருகிறது என்று பார்க்கிறார்கள்.

## நைட்ரஜன் வழிக் கட்டு

ஹைட்ராக்சிபுரோலின் முடிச்சு மட்டுமே செடியில் உண்டு என்று எண்ணிவிடக் கூடாது. அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தின் நைட்ரஜனில் சர்க்கரை கட்டும் முறையும் இருக்கிறது. அது விலங்குகளுக்கும் நமக்கும் பொது. அடிப்படை ஒன்றே என்றாலும் மேல்வேலைப்பாடு வேறு: செடிகள் சேர்க்கும் சைலோஸ் என்ற சர்க்கரையும், ஃப்யூகோஸ் என்ற சர்க்கரையின் ஒருவகை இணைப்பும் பாலூட்டிகளின் சரங்களில் இல்லை. செடியின் செல்லில் மனிதனுக்கான மருந்துப் புரதம் செய்ய முயல்பவர்கள் இதைக் கவனித்தே ஆக வேண்டும். ஒரு நொதியின் குறைபாட்டால் வரும் பரம்பரை நோயான கோஷே (Gaucher) நோய்க்கான ஒரு நொதி மருந்து கேரட் செல்களில் தயாரிக்கப்பட்டு 2012இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

## ஒரு தக்காளியில் இது எங்கே தெரிகிறது?

செடியின் நுனியில் புதுச் செல்கள் பிறக்கும் இடம் ஆக்குத்திசு. அது அளவுமீறிப் பெருகாமல் அடக்கிவைப்பது கிளவேட்டா 3 என்ற சிறு புரதத்துண்டு. அது செல்லுக்கு வெளியே வந்து, அடுத்த செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பியில் பொருந்தும். அதிலும் ஒரு ஹைட்ராக்சிபுரோலின் முடிச்சு, அதில் அரபினோஸ் சங்கிலி. சுவர்ப் புரதங்கள் பயன்படுத்தும் அதே கட்டுமானம், இங்கே ஒரு செய்தித் துண்டில்.

தக்காளியில் முதல் அரபினோஸைக் கட்டும் நொதி பழுதானபோது ஆக்குத்திசு பருத்து, பூவின் உறுப்புகளும் கனியின் அறைகளும் மிகுந்துபோயின. சங்கிலியை நீட்டும் அடுத்த நொதிகள் பழுதானபோதும் அதே விளைவு, சற்றுக் குறைந்த அளவில். அரபினோஸ் ஏற்றிய கிளவேட்டா 3ஐ வெளியிலிருந்து கொடுத்தபோது செடி சரியானது. சங்கிலி முழுமையாக இருந்தால்தான் செய்தி சரியாகப் போய்ச் சேர்கிறது என்பது 2015இல் வெளியான இந்த ஆய்வின் முடிவு. காட்டுத் தக்காளி பொதுவாக இரண்டே அறை கொண்ட சிறு கனி. மனிதர்கள் பயிரிட்டுத் தேர்ந்தெடுத்த காலத்தில் அது பல அறைகளோடு பெருத்ததற்குக் கிளவேட்டா 3 மரபணுவில் நேர்ந்த ஒரு மாற்றமும் காரணம் என்பதை அதே ஆய்வு காட்டியது.